அத்தை கட்டிய ஏழு துணிகள்

என் அத்தைக்கு இரண்டு வேலைகள் கைவந்த கலை. ஒன்று ஒட்டடை அடிப்பது, இன்னொன்று என்னை அடிப்பது. இரண்டுக்கும் ஒரே கோல்தான்.

அத்தை என்றால் அப்பாவின் அக்கா. கல்யாணம் என்று ஒன்று நடந்து பதினோரு மாதத்தில் முடிந்துபோனது. ஏன் என்று கேட்டால், "அந்த ஆளுக்கு ஒட்டடை பிடிக்கும், எனக்குப் பிடிக்காது" என்பாள். அதன் பிறகு எங்கள் வீட்டோடு வந்துவிட்டாள். என் அம்மா வெளியூரில் ஒரு பெரிய வீட்டில் சமையல் வேலை செய்கிறாள், வருடத்துக்கு இரண்டு முறை வருவாள். மற்ற நாட்களில் என்னை வளர்ப்பது அத்தையின் தலையெழுத்து.

இருபத்திரண்டு வருடம் ஒரு பள்ளிக்கூடத்தில் துப்புரவு வேலை பார்த்தாள். பன்னிரண்டு வகுப்பறை, நான்கு கழிப்பறை, பாட்டில்கள் மட்டுமே இருந்த ஒரு சோதனைக்கூடம். நமக்கு ஒட்டடை என்றால் வெறும் ஒட்டடை. அத்தைக்கு அதில் நாள், கிழமை, முகவரி எல்லாம் தெரியும். "இது நேத்து கட்டினது." "இது ஆள் காலி பண்ணிட்டுப் போன வீடு." "இவ இப்பதான் சாப்பிட்டுட்டு உள்ளே போனா." கோலை ஓங்கிக்கொண்டே இப்படிப் பேசுவாள். அடிப்பதற்கு முன் குடியிருப்பவரை ஒரு காகிதத்தில் ஏற்றி ஜன்னலுக்கு வெளியே இறக்கிவிடுவாள். தெருவில் அவளுக்கு 'ஒட்டடை அத்தை' என்றே பெயர்.

ஒரு நாள் அந்தப் பள்ளிக்கு, பூச்சிகளையும் சிலந்திகளையும் ஆராய்கிற ஒரு மேடம் பேச வந்தார். திரையில் ஒரு படம் போட்டார். உள்ளங்கை அகலத்துக்கு ரோமம் அடர்ந்த சிலந்தி. உடம்பெல்லாம் கருநீலம், முன்னங்கால்களின் அடியில் எலுமிச்சை மஞ்சள். டரன்டுலா வகை என்றார். "இது இந்தப் பக்கத்துக் காட்டுல இருந்ததா ஒரு பழைய குறிப்பு இருக்கு. நாப்பது வருஷமா யாரும் பார்க்கலை."

பின்வரிசையில் பெஞ்சு துடைத்துக்கொண்டிருந்த அத்தை தலையைத் தூக்கினாள். "இதுவா? இது நம்ம கக்கூஸுக்குப் பின்னாடி அத்தி மரத்துல இருக்கே."

பிள்ளைகள் சிரித்தார்கள். தலைமையாசிரியர் முறைத்தார். மேடம் மைக்கைக் கீழே வைத்துவிட்டு ஓடினார். படித்த மனுஷி ஒருத்தி அந்தக் கழிப்பறையை நோக்கி அவ்வளவு ஆசையாக ஓடியதை அதற்கு முன்பும் பின்பும் யாரும் பார்த்ததில்லை.

திரும்பி வந்தவருக்கு மூச்சு வாங்கியது. "அக்கா, நீங்க ஏன் இத்தனை வருஷமா யார்கிட்டயும் சொல்லலை?"

"யாரும் கேக்கலையே மேடம்."

அப்படித்தான் அத்தைக்குப் புது வேலை கிடைத்தது. கணக்கெடுப்பு முடியும்வரை காட்டில் அந்தச் சிலந்திகளைத் தேடிக் கண்டுபிடித்து வைக்க வேண்டும். கழுத்தில் மாட்டிக்கொள்ள போட்டோ போட்ட அடையாள அட்டை கொடுத்தார்கள். அதில் 'களப் பணியாளர்' என்று இருந்தது. அத்தை அதைக் கழற்றவே மாட்டாள். பாத்திரம் கழுவும்போது நனையாமல் முதுகுப் பக்கம் தள்ளிவிட்டுக்கொள்வாள்.

"ஏன் அத்தை, சிலந்தி வீட்டுக்குள்ள விடறதுக்கு இதைக் காட்டணுமா?"

"உன்னை இந்த வீட்டுக்குள்ள விடறதுக்குத்தான்டி முதல்ல ஒரு அட்டை வேணும்."

கல் குவாரிக்கும் ரப்பர் தோட்டத்துக்கும் நடுவில், இரண்டு பேருக்கும் உதவாமல் மிச்சமாகிப்போன நீளமான ஒரு துண்டு நிலம்தான் அந்தக் காடு. நான் ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை மன்னித்துவிட்டவள். ஒரு தையல் கடையில் பித்தானும் கொக்கியும் தைக்கிறேன். மதியம் அத்தைக்குச் சாப்பாடு கொண்டுபோவது என் வேலை. அப்படிப் போய்ப் போய்த்தான் அவள் தேடுகிற விதத்தைப் பார்த்தேன்.

மற்றவர்கள் சிலந்தியைத் தேடுவார்கள். அத்தை வாசலைத் தேடுவாள். பெரிய மரத்தில் கிளை ஒடிந்து விழுந்த இடத்தில் பொந்து இருக்கும். ஆள் இல்லாத பொந்தின் விளிம்பு சொரசொரவென்று கிடக்கும். ஆள் இருந்தால் விளிம்பில் மெல்லிய நூல் படிந்து பாலாடை போல மினுங்கும். பவுடர் டப்பாவின் கண்ணாடியால் வெயிலைப் பிடித்து உள்ளே அனுப்புவாள். பிறகு ஒரு காய்ந்த புல் தண்டை வாசலில் வைத்து, வண்டு நடப்பதுபோல விட்டு விட்டுத் தட்டுவாள். மூச்சுக்காற்று பொந்தில் படக் கூடாது. கொஞ்ச நேரத்தில் ஒரு கால் எட்டிப் பார்க்கும். பிறகு இன்னொன்று. நிழலில் கறுப்பாக இருந்தது வெயில் பட்டதும் நீலமாகும். எங்கள் கடைக்கு வருகிற எந்தப் பட்டிலும் அந்த நீலம் கிடையாது.

"வந்துட்டா மகராசி" என்பாள் அத்தை, காதோடு காதாக.

"நாளைக்கு இதே இடத்துல இருக்குமா அத்தை?"

"பொண்ணுங்க வீடு மாத்தாதுடி. ஒரு பொந்துல குடி வந்தா வருஷக்கணக்குல அங்கதான். ஆம்பிளைங்கதான் ஊர் சுத்தும்."

"அப்பா மாதிரியா?"

"உங்கப்பன் சுத்தினாலும் பரவாயில்லையே. கட்டிலை விட்டே எழுந்திரிக்க மாட்டேங்கிறான்."

சிலந்தி இருக்கிற மரத்தில், நெஞ்சு உயரத்தில் ஒரு துணியைக் கட்டுவாள். எங்கள் கடையின் வெட்டுத் துண்டுகள்தான். மரப்பட்டையோடு ஒட்டிப்போகிற பழுப்பு, சாம்பல் நிறமாகப் பார்த்து நான் பொறுக்கிக் கொடுப்பேன். அதில் அழியாத மையால் எண் எழுதுவாள். நோட்டில், 'துணி 3, திங்கள், இருக்கிறாள்' என்று மட்டும் எழுதுவாள். எந்த இடம் என்று எழுதவே கூடாது, படமும் எடுக்கக் கூடாது என்பது மேடத்தின் கண்டிப்பு. இந்த மாதிரி நிறமுள்ள சிலந்திகளைத் திருடி, கண்ணாடிப் பெட்டியில் வளர்க்கிறவர்களுக்கு விற்கிற ஒரு கூட்டம் இருக்கிறதாம். ஒரு வரி அவர்கள் கையில் கிடைத்தால் போதும், மரத்தையே பிளந்துவிடுவார்களாம். அதனால் எந்த மரம் என்பது துணிக்கும் அத்தையின் தலைக்கும் மட்டும்தான் தெரியும்.

ஏழு துணிகளும் கட்டி இரண்டு மாதம் ஆகிவிட்டது. ஏழையும் மேடம் நேரில் வந்து பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். செவ்வாய்க்கிழமை வருவதாகச் சொல்லியிருந்தார்.

இந்த நேரத்தில்தான் அத்தை என்னைக் காட்டிக்கொடுத்தாள். தனியாகப் பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுத வைக்க அப்பா என்னை ஒரு டியூஷனில் சேர்த்திருந்தார். நான் அங்கே போகாமல் பஸ் நிலையத்தில் உட்கார்ந்து, போகிற வருகிறவர்களுக்குத் தப்பான பஸ் சொல்லிக்கொண்டிருந்ததை அத்தை பார்த்துவிட்டாள். வீட்டுக்கு வந்ததும் அப்பாவிடம் ஒப்பித்தாள். ஒரு வாரம் என் போன் அப்பாவின் தலையணைக்கு அடியில் தூங்கியது.

பதிலுக்கு நான் ஏதாவது செய்ய வேண்டுமே. வியாழக்கிழமை அத்தை ஏதோ கையெழுத்துக்காக மேடத்தின் அலுவலகத்துக்குப் போயிருந்தாள். நான் காட்டுக்குப் போய்த் துணிகளை அவிழ்த்து, இருபது அடி தள்ளிப் பொந்தே இல்லாத மரங்களில் கட்டினேன். அத்தை போடுகிற மாதிரியே இரட்டை முடிச்சுப் போட்டு, நுனியை உள்ளே செருகினேன். குறும்பாக இருந்தாலும் வேலை சுத்தமாக இருக்க வேண்டும் என்பது என் கொள்கை. மறுநாள் அவள் வெறும் மரத்தின் முன் நின்று புல் தண்டால் தட்டிக்கொண்டிருப்பாள், நான் பின்னால் விழுந்து விழுந்து சிரிப்பேன், அவள் கோலைத் தேடுவாள், அதோடு கணக்குத் தீர்ந்தது. அவ்வளவுதான் திட்டம்.

ஆறு துணிகளை மாற்றினேன். ஏழாவது ஓடைக்கு அந்தப் பக்கம் இருந்தது. அங்கே அட்டைக்கடி அதிகம், செருப்பும் புதுசு. போகவில்லை.

வெள்ளிக்கிழமை நாள் முழுக்க மழை. யாரும் வெளியே போகவில்லை. சனிக்கிழமை காலையில் நான் பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது வாசலில் ஜீப் சத்தம் கேட்டது. மேடம் மூன்று நாள் முன்னதாகவே வந்துவிட்டார், கூடவே கல்லூரியில் படிக்கிற இரண்டு பையன்கள்.

அத்தை புடவைத் தலைப்பால் அட்டையைத் துடைத்துக்கொண்டே கிளம்பிவிட்டாள். நான் வாயைக் கொப்பளித்தும் கொப்பளிக்காமலும் பின்னால் ஓடினேன்.

"அத்தை, ஒரு விஷயம் சொல்லணும்."

"அப்புறம் சொல்லு."

"இல்ல அத்தை, அவசரம்."

"அவசரம்னா அந்தப் புதருக்குப் பின்னாடி போயிட்டு வா. நாங்க மெதுவா நடக்கிறோம்."

இரண்டு பையன்களும் சிரித்தார்கள். ஊரையே வாயால் சுற்றி வருகிறவள், அன்றைக்கு அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லாமல் போனேன்.

முதல் மரத்துக்குப் போகும்போதே அத்தை கண்ணாடியைக் கையில் எடுத்துவிட்டாள். "தம்பிங்களா, கொஞ்சம் தள்ளி நில்லுங்க. மூச்சு பட்டா அவளுக்குப் பிடிக்காது" என்று பெருமையாகச் சொல்லிவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். துணி இருந்தது, எண் இருந்தது, பொந்து இல்லை. மரத்தைக் கையால் தடவினாள். ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். "இங்கதானே..." என்றாள். இரண்டாவது மரத்திலும் "இங்கதானே" என்றாள். நான்காவது மரத்தில் அதையும் சொல்லவில்லை. ஆறாவது மரத்தில் துணியில் இருந்த எண்ணைத் திரும்பத் திரும்பப் படித்தாள், ஒன்று முதல் ஆறு வரை எண்ணத் தெரியுமா என்று தன்னையே சோதிப்பதுபோல.

ஏழாவதுதான் மானத்தைக் காப்பாற்றும் என்று நான் நம்பினேன். அது நான் தொடாத துணி. ஓடையைத் தாண்டி எல்லோருக்கும் முன்னால் ஓடினேன்.

கம்பம்போல நேராக, வழுவழுவென்று ஒரு மரம். அடியிலிருந்து நுனிவரை ஒரு சின்ன ஓட்டைகூட இல்லை. அதில் துணி கட்டியிருந்தது. யாராவது மாற்றியிருப்பார்களோ என்று துணியை விரலால் நகர்த்திப் பார்த்தேன். கீழே பட்டையில் பாசி படியாமல் வெளுத்த கோடு ஒன்று துணி அகலத்துக்குச் சுற்றிலும் ஓடியது. எறும்புகள் துணியின் மேலேயே மண் கோடு இழுத்திருந்தன. இரண்டு மாதமாக அது அங்கேயேதான் இருந்திருக்கிறது. அத்தைதான் கட்டியிருக்கிறாள், ஒன்றுமே இல்லாத மரத்தில்.

துணியைப் பழையபடி இழுத்து மூடினேன்.

மேடம் நல்லவர்தான். கோபப்படவில்லை. அதுதான் மோசமாக இருந்தது. "வயசானா இப்படி ஆகிறதுதான் அக்கா. கொஞ்ச நாள் வீட்டுல இருங்க" என்றார். அறிக்கையில் 'உறுதி செய்ய முடியவில்லை' என்று எழுதிக்கொண்டார். அட்டையை அவர் கேட்கவில்லை. அத்தைதான் தானாகக் கழற்றிக் கொடுத்தாள். கயிறு கொண்டையில் மாட்டிக்கொண்டது. ஒரு பையன் எடுத்துவிட்டான்.

எங்களுக்கு ஒரு பெரியப்பா இருந்தார், அப்பாவுக்கும் அத்தைக்கும் மூத்தவர். பஸ் கண்டக்டர். நாற்பத்தொரு நிறுத்தங்களையும் கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். ஒரு நாள் கடைக்குப் போனவர் வீட்டுக்கு வழி தெரியாமல், தன் பஸ்ஸிலேயே ஏறி டிக்கெட் எடுத்து உட்கார்ந்திருந்தார். அதன் பிறகு மூன்று வருடம் அத்தைதான் அவரைப் பார்த்துக்கொண்டாள். சாப்பாட்டுத் தட்டை நீட்டினால் "எங்கே இறங்கணும்மா?" என்று கேட்பார். அத்தையும் சளைக்காமல் "அடுத்த ஸ்டாப்புண்ணே" என்பாள். கடைசியில் அவளைப் பார்த்து, "நீங்க யார் வீட்டு ஆளு?" என்று கேட்டார். அன்றைக்கு மட்டும்தான் அத்தை சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அதனால் சனிக்கிழமை வீட்டுக்கு வந்ததும் அவள் என்ன நினைத்திருப்பாள் என்று எனக்குத் தெரியும். உடனே சொல்லியிருக்க வேண்டும். ஆனால் முதலில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். சொல்லாவிட்டால் ஏழும் அவள் தலையில் விழும். சொன்னால் ஆறு என் தலைக்கு வந்துவிடும், ஏழாவது மட்டும் தனியாக, பதில் இல்லாமல் நிற்கும். ஏழு தப்பையாவது கனவு மாதிரி உதறிவிடலாம். ஒரு தப்பு நிஜம்.

ஞாயிற்றுக்கிழமை அத்தை பெரியப்பாவின் நிறுத்தங்களைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே துணி துவைத்தாள். இருபத்தெட்டில் நின்றுவிட்டாள். நான் குளியலறைக்குள்ளிருந்து இருபத்தொன்பதாவது நிறுத்தத்தைக் கத்தினேன். "உன்னை யாரு கேட்டா?" என்றாள். குரலில் காரமே இல்லை.

திங்கட்கிழமை சமையலறை டப்பாக்களில் காகிதம் ஒட்டியிருந்தது. 'உப்பு.' 'சர்க்கரை.' 'இது சோப்புத் தூள், சாப்பிடாதே.' கதவில், 'அடுப்பை அணைத்தாயா?' என் சீப்பில்கூட ஒன்று இருந்தது. 'குரங்கின் சீப்பு.'

அப்பா டீயைக் கையில் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் படித்தார். "என்னக்கா இது, வீட்டைக் கடை மாதிரி ஆக்கிட்ட?"

"இருக்கட்டும்டா தம்பி. பின்னாடி உதவும்."

பெரியப்பாவை அவரும் பார்த்தவர்தான். டீ ஆறியது.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் கத்தரிக்கோல் தேடி அத்தையின் டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். மேலே சிலந்தி நோட்டு இருந்தது. கடைசிப் பக்கத்தில் கோடு போட்டு, எங்கள் எல்லோரையும் எழுதி வைத்திருந்தாள். 'தம்பி: கோபப்படுவான், மனசில் வைக்க மாட்டான். தம்பி மனைவி: வெளியூரில் இருக்கிறாள், மாதம் ஒருமுறை போன் பண்ணு.' கீழே என்னைப் பற்றி. 'தம்பி மகள்: பொய் சொல்வாள். யார் இவள் என்று தெரியாவிட்டாலும் சோறு போடு.'

நான் கத்தரிக்கோலை மறந்துவிட்டு சமையலறைக்குப் போனேன். அத்தை வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். அழுவதற்கு வசதியான வேலை.

"அத்தை, துணியை நான்தான் மாத்தினேன்."

கத்தி நிற்கவில்லை. "போடி."

"சத்தியமா அத்தை. டியூஷன் விஷயத்தை அப்பாகிட்ட சொன்னல்ல, அதுக்காக."

"என்னைத் தேத்தறதுக்குப் பொய் சொல்லாத. எனக்கு என்ன ஆகுதுன்னு எனக்குத் தெரியும்."

நிஜத்தைச் சொல்லும்போது நம்பாமல் போவதற்கென்றே நான் இத்தனை வருடம் பொய் சொல்லிப் பழகியிருக்கிறேன் போல. "ஒண்ணாவது துணி, ரெண்டாப் பிளந்த பலா மரம். பொந்து என் தலைக்கு மேல, வலது பக்கம். அந்த வாசல்ல ஒரு வண்டோட இறக்கை ஒட்டிக்கிட்டிருந்தது. ரெண்டாவது, கரையான் புத்துக்குப் பின்னாடி இருக்கிற அத்தி. அந்தப் பொந்துல ரெண்டு வாசல். மூணாவது..."

மூன்றாவதில் கத்தி நின்றது. ஆறாவதில் அத்தை முக்காலியிலிருந்து எழுந்தாள். ஒட்டடைக் கோல் கைக்கு எட்டாததால் கரண்டி வந்தது. முதுகில் இரண்டு, தோளில் ஒன்று. நான் ஓடவில்லை. அது அவளுக்கே சந்தேகமாக இருந்திருக்க வேண்டும், கரண்டியை இறக்கிவிட்டாள்.

"பாவி! நாலு நாளா எனக்கு நானே பைத்தியக்காரியாத் தெரிஞ்சேன்டி. நாலு நாளா!"

"தெரியும் அத்தை."

"தெரிஞ்சுதான் வாயை மூடிட்டு இருந்தியா?" மூச்சு வாங்க உட்கார்ந்தாள். அவள் முகத்தில் நாலு நாளாக இல்லாத ஏதோ ஒன்று திரும்பி வந்துகொண்டிருந்தது. என்னைத் திட்டுவதற்கான வார்த்தைகள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வருவதில்கூட அவளுக்கு ஒரு சந்தோஷம் தெரிந்தது. "எருமை! ஓணான்! ஏழு மரம்டி! ஏழையும் நீயா மாத்தின?"

இந்தக் கேள்விக்குத்தான் நான் நாலு நாளாகப் பயந்தது.

"ஏழையும்தான்" என்றேன்.

அத்தை வெங்காயத் தோலை என் தலையில் கொட்டினாள். பிறகு சுவரில் சாய்ந்து சிரித்தாள். டப்பாவில் ஒட்டியிருந்த 'உப்பு' என்ற காகிதத்தைக் கிழித்து என் நெற்றியில் ஒட்டினாள். அன்றைக்கு அவள் சாப்பிட்டதைப் பார்த்து அப்பாவே இரண்டாவது முறை போட்டுக்கொண்டார்.

சாப்பிட்டு முடித்ததும் போனைக் கையில் கொடுத்து, "மேடத்துகிட்ட நீயே சொல்லு" என்றாள். சொன்னேன். மேடம் கடைசிவரை கேட்டார். பிறகு, "வெள்ளிக்கிழமை திரும்ப வரேன். அக்காகிட்ட குடு" என்றார். அத்தை போனை வாங்கி, "சின்னப் பொண்ணுதானே மேடம், விடுங்க" என்றாள். என்னை எருமை, ஓணான் என்று திட்டிய அதே வாய்.

புதன்கிழமை காலை துணிகளைப் பழைய இடத்தில் கட்டப் போனோம். கடையில் மாஸ்டரிடம் வயிற்றுவலி என்று சொல்லியிருந்தேன். அன்றைக்கு அது பாதி நிஜம். முதல் பலா மரத்தில் அத்தை புல் தண்டால் தட்டினாள். நீலக் கால் ஒன்று வெயிலுக்கு வந்தது. "இருக்கியா மகராசி?" என்றாள். இரண்டு, மூன்று, நான்கு, எல்லாம் அதனதன் இடத்தில். ஐந்தாவது வெளியே வரவில்லை, ஆனால் வாசலில் புது நூல் இருந்தது. "குளிச்சிட்டு இருக்கா போல" என்றாள். ஆறும் சரி. அவள் நடையே மாறிவிட்டது. நான்தான் ஓடை நெருங்க நெருங்கப் பின்தங்கினேன்.

ஏழாவது மரத்தில் அத்தை முடிச்சை அவிழ்த்தாள். துணி கையோடு வந்தது. எறும்பு மண் உதிர்ந்தது. பட்டையில் அந்த வெளுத்த கோடு பளிச்சென்று தெரிந்தது. அவள் அதை விரலால் ஒரு முறை தடவினாள்.

"எந்த மரத்துலேர்ந்து மாத்தின?" என்றாள்.

"இங்கதான்... பக்கத்துல."

"காட்டு."

நான் நடந்தேன். ஓடையோரமாக மேலே போனேன், திரும்பி வந்தேன். ஒவ்வொரு மரத்தையும் அண்ணாந்து பார்த்தேன். ஒடிந்த கிளை, பொந்து, பொந்து விளிம்பு. எல்லாம் சொரசொரப்பு. அட்டைகள் காலில் ஏறின. எங்கேயாவது ஒருத்தி, ஒரே ஒருத்தி குடியிருந்தால் போதும் என்று இருந்தது. எந்தப் பரீட்சைக்கும் நான் அப்படி வேண்டிக்கொண்டதில்லை.

"என்னடி?"

"இங்கதான் அத்தை, மறந்துட்டேன்."

"நீயுமா?" என்றாள்.

அந்த 'நீயுமா' என் முதுகில் கரண்டியைவிட அழுத்தமாக விழுந்தது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. ஓடை வளைகிற இடத்தில், வேர் பாதி தண்ணீரில் கிடந்த ஒரு வயசான மரம். இடுப்பு உயரத்தில் ஒரு சின்னப் பொந்து. விளிம்பு மினுங்கியது. ஓடிப்போய் அத்தையின் கண்ணாடியைப் பிடுங்கி வந்து வெயிலைத் திருப்பினேன். வெளிச்சம் மரம் முழுக்க ஓடிவிட்டுத்தான் பொந்துக்குள் போனது. புல் தண்டை எடுத்து வண்டு மாதிரி தட்டினேன். என் வண்டு குடித்த வண்டு மாதிரி நடந்திருக்கும். ஆனாலும் வந்தாள். முதலில் ஒரு கால், பிறகு மூன்று. அந்த நீலம். முன்னங்காலைத் தூக்கினாள், அடியில் மஞ்சள்.

"இதுதான் அத்தை! இந்த மரம்தான். இங்கேர்ந்துதான் மாத்தினேன்."

அத்தை பக்கத்தில் வந்து குனிந்தாள். சிலந்தியைக் கொஞ்ச நேரம்தான் பார்த்தாள். வாசலை ரொம்ப நேரம் பார்த்தாள்.

"சின்னப் பொண்ணு இவ" என்றாள். "அழகா இருக்கா. இந்த நூலு ஒரு மாசத்துக்கு மேல இருக்காது. பழைய நூல்னா அடியில மஞ்சள் ஏறியிருக்கும், தூசி தட்டியிருக்கும். இப்பதான் குடி வந்திருக்கா."

இரண்டு மாதத்துக்கு முன் கட்டிய துணிக்கு ஒரு மாதத்துக்கு முன் வந்த சிலந்தி எப்படிப் பொருந்தும்? எனக்கே தெரிந்தது.

அத்தை இடுப்பிலிருந்து புதுத் துணி ஒன்றை எடுத்தாள். மரத்தைச் சுற்றிக் கட்டினாள், இரட்டை முடிச்சு, நுனி உள்ளே. பேனாவின் மூடியைப் பல்லால் கழற்றி எண் எழுதினாள். எட்டு.

"ஏழுதானே அத்தை?"

"ஏழு வேற எங்கேயோ இருக்கா. எங்கேன்னு எனக்குத் தெரியலை." நோட்டில் எழுதி மூடினாள். "வெள்ளிக்கிழமை மேடம் வரும்போது ஆறை நீ சொல்லு. ஏழை நான் சொல்லிக்கிறேன்."

"அத்தை, ஒரு மரம்தானே. யாருக்கும் வரும். நான் என் செருப்பையே..."

"வாயை மூடு."

மூடினேன். அவள் ஓடைக்கரையில் ஒரு கல்லில் உட்கார்ந்து என் காலைத் தன் மடியில் இழுத்துக்கொண்டாள். அட்டைகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி எறிந்தாள். ஐந்து இருந்தன. குவாரியில் வெடி வைத்தார்கள், தண்ணீர் லேசாக அதிர்ந்தது.

"பெரியாஸ்பத்திரியில இதுக்குன்னு ஒரு டாக்டர் இருக்காராம்" என்றாள், காலைப் பார்த்தபடியே. "சனிக்கிழமை பார்க்கிறாராம். அண்ணனுக்கு நாம ரொம்ப லேட்டாத்தான் போனோம்."

"ம்."

"சனிக்கிழமை உனக்குக் கடை உண்டா?"

"இல்ல" என்றேன். கடை உண்டு.

"அப்போ கூட வா. தனியாப் போக எனக்குப் பயமா இருக்கு."